மகாவலி வளைவில் எங்கள் பேராதனை

புதன் இரவு, பிலிமத்தலாவை

அக்காவின் மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது. நாளைக்குப் பதிவு. பெறாமகளை யார் கூட்டிக்கொண்டு போவது என்று வீட்டில் பேச்சு எழும்புவதற்கு முன்பே நான் பள்ளிக்கூடத்தில் லீவுக் கடிதம் கொடுத்துவிட்டேன். நான் படித்த இடம் அவளுடைய கண்ணில் முதன்முதலாக விழுகிற நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஒரு ஆசைதான்.

யாழ்ப்பாணத்தில் விடியப்புறம் பஸ் ஏறினோம். யாழ்ப்பாணத்திற்கும் கண்டிக்கும் இடையில் ஏ9 வீதி 320 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடுகிறது. யுத்தத்தால் மூடிக் கிடந்த இந்த வீதி 2002 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நான் பேராதனைக்குப் போனேன். அப்போதெல்லாம் முகமாலைச் சோதனைச்சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபக்கம் போய் வேறு வாகனம் பிடித்து, ஓமந்தையில் திரும்பவும் அதையே செய்து, வவுனியாவைக் காணும்போது பொழுது சாய்ந்துவிடும். இன்றைக்கு என் பெறாமகள் முகமாலையை நித்திரையிலேயே தாண்டினாள். முறிகண்டியில் மட்டும் தட்டி எழுப்பினேன். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறினோம். ஓமந்தையையும் அவள் கவனிக்கவில்லை. கவனிக்கத் தேவையில்லாமல் போனதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாத்தளைப் பக்கம் வந்தபோது சுது கங்கையைக் காட்டினேன். நான் புவியியல் படித்தவள். ஆறு கண்டால் பேசாமல் இருக்க மாட்டேன். பேராதனையைத் தொட்டுக்கொண்டு வருகிற மகாவலி, கண்டியைச் சுற்றிக் கட்டுகஸ்தோட்டைக்கு வருகிறது. அதற்குக் கொஞ்சம் கீழே பொல்கொல்லையில் 1976 முதல் ஒரு பங்கு நீரை மறித்து, மலைக்குள் குடைந்த சுரங்கத்தால் உக்குவளைக்கு அனுப்புகிறார்கள். மின்சாரம் எடுத்த பிறகு அந்த நீர் சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து, வறண்ட வலயத்து வயல்களுக்குப் போகிறது.

"அப்ப இது கம்பஸுக்குப் பக்கத்தால வந்த தண்ணியோ, சித்தி?"

"ஓம். நாங்கள் போற இடத்தில இருந்துதான் வருது."

முதலாம் வருடத்தில் இதைப் படிப்பித்த விரிவுரையாளர் வரைபடத்தைக் கையில் தந்து, வகுப்பை அப்படியே ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போனார். கரையில் நின்று, "இந்தத் தண்ணீர் எங்கே நெல்லாகிறது என்று விரலால் காட்டு" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். அதன் பிறகு எத்தனையோ மாணவர்களுக்கு நான் மகாவலித் திட்டம் படிப்பித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கரையில் நின்றுதான் படிப்பிக்கிறேன் என்றே எனக்குத் தோன்றும்.

கண்டியிலிருந்து பிலிமத்தலாவைக்கு வரும் பஸ் கலஹா சந்தியைக் கடந்துதான் வர வேண்டும். நான் அவளுக்கு ஒன்றும் காட்டவில்லை. பேராதனையை முதல் தரம் பார்க்கிறவர் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

தங்கியிருப்பது என் பழைய அறைத்தோழியின் வீட்டில். குருநாகல்காரி, இப்போது இங்கே ஒரு பாடசாலையில் ஆசிரியை. 2006 ஆகஸ்ட் 11 இல் ஏ9 மூடப்பட்டபோது நாங்கள் இருவரும் ஹில்டா ஒபயசேகர விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். வீட்டுக்குப் போக வழியில்லை, தொலைபேசியும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. விடுமுறைக்கு எல்லோரும் பெட்டி கட்டியபோது அவள் என்னுடைய பெட்டியையும் சேர்த்துக் கட்டினாள். குருநாகலில் அவளுடைய அம்மா எனக்குப் பால்சோறும் லுணுமிரிஸும் வைத்துத் தந்து, "சாப்பிடு மகள்" என்றார். அந்த வீட்டில் யாரும் என்னிடம் யுத்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தினமும் என் வீட்டு இலக்கத்திற்கு அழைத்துப் பார்ப்பதை மட்டும் அவளுடைய தம்பி ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தான்.

இன்றிரவு அவளே சமைத்திருந்தாள். சோறு, பருப்பு, பலாப்பிஞ்சுக் கறி, வல்லாரைச் சம்பல். என் பெறாமகளின் சிங்களமும் அவளுடைய தமிழும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நடு இரவு வரைக்கும் போயின.

வியாழன் இரவு

காலையில் கலஹா சந்தியில் இறங்கி நடந்தோம். மார்ச் மாதம். வீதியோரத்து ரொபரோசியா மரங்கள் இலையெல்லாம் கொட்டி இளஞ்சிவப்பாக நின்றன. தார் வீதியின் ஓரங்கள் பூவால் மூடிக் கிடந்தன. வலப்பக்கம் மரங்களுக்கு இடையால் மகாவலி தெரிந்தது. இடப்பக்கம் புல்வெளி, அதற்கு மேலே கட்டடங்கள், அதற்கும் மேலே ஹந்தானை மலை பாதி மூட்டத்தோடு.

கொஞ்சத் தூரம் நடந்த பிறகு பெறாமகள் கேட்டாள்: "சித்தி, கேற் எங்க?"

அந்தக் கேள்விக்காகத்தான் நான் அவளை நடத்திக்கொண்டு வந்தேன். நாங்கள் ஏற்கனவே உள்ளே வந்துவிட்டோம். கலஹாவுக்கும் தெல்தோட்டைக்கும் போகிற பொது வீதி பல்கலைக்கழகத்தின் நடுவால் ஓடுகிறது. மாணவர்கள் விரிவுரைக்கு நடக்கிற அதே வீதியில் தோட்டத்துச் சனம் ஏறிய பஸ் கொழுந்துப் பையோடும் மரக்கறிக் கூடையோடும் போகும். 1867 இல் இலங்கையில் முதன்முதலாகத் தேயிலை வணிகத்திற்காகப் பயிரிடப்பட்ட லூல்கந்துர தோட்டம் இந்த வீதி ஏறிப் போகும் மலைப்பக்கத்தில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகம் நிற்கும் நிலமும் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்ததுதான். என் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் பாட்டியார் அந்த பஸ்ஸில் போகும்போது யன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பேத்தி படிக்கிற கட்டடம் இது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுவாராம். பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் தர வரிசையையும் வெளிநாட்டுப் பட்டத்தையும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாட்டியாரின் கைதான் நினைவுக்கு வரும்.

பல்கலைக்கழக நிலம் மொத்தமாக 700 ஹெக்டேயர் அளவில் வரும். கட்டடங்கள் பிடித்திருப்பது அதில் கொஞ்சம்தான்.

பதிவு மத்தியானத்திற்குள் முடிந்தது. அனுமதிக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், பெறுபேறு என்று வரிசை வரிசையாக நின்றோம். எனக்கு முன்னால் அம்பாந்தோட்டையிலிருந்து வந்த ஒரு தந்தை, பின்னால் மட்டக்களப்பிலிருந்து வந்த தாயும் மகனும். அந்தத் தந்தை தன் மகனின் கோவையை ஒரு நிமிடமும் கீழே வைக்கவில்லை.

பிறகு அக்பர் பாலத்திற்குப் போனோம். கலைப்பீடமும் செனட்டும் ஆற்றின் ஒரு கரையில், பொறியியல் பீடம் மறுகரையில். இரண்டையும் சேர்ப்பது இந்தப் பாலம். பொறியியல் பீடம் 1950 இல் கொழும்பில் தொடங்கி 1964 இல் இங்கே வந்தது. என்னுடைய காலத்தில் எங்களுக்கு இந்தப் பாலம் கடப்பது வேறு நாட்டுக்குப் போவது. மறுகரையில் எல்லோரும் கணக்குச் செய்துகொண்டே நடப்பார்கள் என்று நம்பினோம். இனிமேல் எங்கள் வீட்டிலிருந்தும் ஒருத்தி மறுகரையில்.

பாலத்தின் நடுவில் நின்று அவளுக்குப் பேராசிரியர் துரைராஜாவைப் பற்றிச் சொன்னேன். அழகையா துரைராஜா, வடமராட்சிக்காரர். கேம்பிரிட்ஜில் மண் பொறியியலில் ஆய்வு செய்தவர். களிமண் அழுத்தத்துக்கு எப்படி இளகிக் கொடுக்கிறது என்பது பற்றி ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து 1963 இல் அவர் வெளியிட்ட கட்டுரையை மண் பொறியியல் படிக்கிறவர்கள் உலகெங்கும் இன்றும் அறிவார்கள். அவர் இந்தப் பீடத்தில் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்தார். பிறகு யுத்தத்தின் மிக மோசமான வருடங்களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் போய், 1994 இல் இறக்கும்வரை அதைத் தாங்கினார். பெற்றோலும் மின்சாரமும் இல்லாத அந்த யாழ்ப்பாணத்தில் துணைவேந்தர் சைக்கிளில் வருவார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"அவர் படிப்பிச்ச இடத்திலயோ நான் படிக்கப் போறன்?"

கேட்டுவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவளுக்குத் தெரிந்த இடம். ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போனாள். அதற்கும் இந்தப் பாலத்திற்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது அவளுக்கு இன்றுதான் தெரியும்.

விடுதிகளின் பெயர்களையும் வழியில் சொல்லிக்கொண்டு வந்தேன். அருணாசலம், இராமநாதன் தமிழர், ஜயதிலக சிங்களவர், அக்பர் மலாய் முஸ்லிம் நீதியரசர், நெல் பறங்கியர், மார்ஸ் ஆங்கிலேயர், சங்கமித்தை அசோகனின் மகள். நாட்டிற்குள் ஒன்றாக உட்கார முடியாமல் போன பெயர்கள் இங்கே ஒரே மலைச்சரிவில் நிற்கின்றன. அந்தப் பெயர்ப்பலகைகளுக்குக் கீழே நாங்கள் சண்டை பிடித்தோம், சமாதானமானோம், ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தோம்.

வெள்ளி இரவு

இன்றைக்கு முழு நாளும் என் கரையில்.

செனட் கட்டடத்தின் கீழ்த்தளம் சுவரில்லாத மண்டபம். வரிசையாகத் தூண்கள், அவற்றுக்கு இடையால் இந்தப் பக்கம் மலையும் அந்தப் பக்கம் ஆற்றுச் சரிவும் தெரியும். கண்டி அரசர்களின் ஓலக்க மண்டபம் நினைவுக்கு வரும். கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ். முழு வளாகத்தின் திட்டத்தையும் வகுத்தவர்கள் பட்ரிக் அபர்குறொம்பியும் கிளிஃபர்ட் ஹொலிடேயும். லண்டனுக்கு யுத்தகாலத் திட்டம் போட்ட அதே அபர்குறொம்பிதான். இவர்கள் செய்த பெரிய காரியம், ஆற்றையும் மலையையும் மறைக்காமல் கட்டியது. கூரைகள் மலையின் சாய்வோடு போகின்றன. எங்கே நின்றாலும் எந்தத் திசையில் ஆறு, எந்தத் திசையில் ஹந்தானை என்று தெரியும். புதிதாக எழும்பிய சில கட்டடங்களில் இந்தக் கவனம் இல்லை என்பதையும் இன்று பார்த்தேன். மனம் வருந்தியது.

இப்படி ஒரு இடம் சும்மா வந்துவிடவில்லை. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906 இல் சங்கம் அமைத்துக் குரல் எழுப்பியவர் பொன்னம்பலம் அருணாசலம். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. முழுப் பல்கலைக்கழகம் எங்கே அமைவது, கொழும்பிலா கண்டியிலா என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. பத்திரிகைகளில் சண்டை, சட்டசபையில் சண்டை. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தபோதும் அது கொழும்பில்தான் இருந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவரும் ஆசிரியரும் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும் என்பதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். 1952 இல் இங்கே இடம் மாறினார்கள். 1954 ஏப்ரல் 20 இல் எலிசபெத் மகாராணியார் முன்னிலையில் எடின்பரோ கோமகன் திறந்து வைத்தார். ஏற்கனவே மாணவர்கள் படித்துக்கொண்டிருந்த இடம் என்பதால், வழக்கத்தை விடக் கூடுதலாகத் திறந்திருப்பதாக அறிவிக்கிறேன் என்று அவர் சொன்னதை இங்கே படித்த ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டு வருகிறது. நானும் இன்று சொன்னேன்.

அருணாசலம் 1924 இல் காலமானார். அவர் கேட்ட பல்கலைக்கழகத்தை அவர் காணவில்லை.

அல்விஸ் குளத்தடிக்கு வந்தபோது பெறாமகள் படம் எடுக்கத் தொடங்கினாள். அழகான இடம்தான். எடுத்து முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு சொன்னேன். 1989 ஒக்டோபரில் ஒரு காலை, இந்தக் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட மனிதத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. தெற்கில் கிளர்ச்சியும் அதை அடக்கிய கொடுமையும் உச்சத்தில் இருந்த காலம். கொல்லப்பட்டவர்கள் சிங்கள இளைஞர்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பட்டதை நாங்கள் அறிவோம். இவர்கள் பட்டதையும் அறிந்துகொண்டுதான் இந்தக் குளத்தைக் கடக்க வேண்டும் என்று என் அறைத்தோழி எனக்குக் காட்டித் தந்தாள். அவளுடைய மாமா ஒருவர் அந்த வருடங்களில் காணாமல் போனவர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டியிருந்தது. 1997 இல் பொறியியல் பீடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தமிழ் மாணவன் சீனியர்களின் பகிடிவதையால் உயிரிழந்தான். அவள் போகிற அதே பீடம். அடுத்த ஆண்டு, 1998 இல், பகிடிவதையைத் தடை செய்யும் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததால் அது ஒழிந்துவிடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் நேசிக்கிற இடத்தில் இது நடந்தது. நேசிப்பதால்தான் மறைக்க முடியவில்லை. "ஆராவது உன்னை ஒரு சொல்லு சொன்னாலும் அண்டைக்கே எனக்குச் சொல்லு. நாளைக்கு எண்டு வைக்காத. நீயும் நாளைக்கு சீனியர் ஆவாய், ஒரு பிள்ளையின்ர மனத்தையும் நோகப் பண்ணாத" என்றேன். தலையாட்டினாள். முகம் கொஞ்சம் வாடித்தான் போயிற்று. மறைத்து, பிறகு அவளே தெரிந்துகொள்வதை விட இது நல்லது.

அங்கிருந்து நூலகத்திற்கு. இலங்கையில் அச்சாகும் நூல்களின் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் இதுவும் ஒன்று. யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. நான் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். நூலகம் என்றால் எங்கள் தலைமுறைக்குக் கரி படிந்த சுவரும், பெரியவர்கள் சொல்லும் கதையும்தான். பேராதனையில் முதல் நாள் தமிழ் நூல்கள் இருக்கும் பகுதிக்குப் போய், தட்டுக்குத் தட்டு முதுகுகளை வாசித்துக்கொண்டே நடந்தேன். யாழ்ப்பாணத்தில் அச்சான பழைய புத்தகங்கள் அங்கே இருந்தன: வண்ணார்பண்ணை, பருத்தித்துறை, சுன்னாகம் என்று அச்சகங்களின் ஊர்ப்பெயர் போட்டவை. எங்கள் ஊரில் தேடிக் கிடைக்காதவை இந்த மலைநாட்டுக் கட்டடத்தில் காப்பாக இருந்தன. அன்றைக்கு மணி அடித்து மூடும்வரை நான் எழும்பவில்லை. பேராதனை எனக்கு வேறு ஊர் என்ற எண்ணம் போனது அந்தத் தட்டுகளுக்கு நடுவில்தான்.

இப்போது உள்ளே போக அனுமதி கேட்க வேண்டும். அலுவலர் விடயத்தைக் கேட்டுவிட்டு, "பிள்ளைக்குக் காட்டுங்கோ" என்று தமிழிலேயே சொன்னார். பெறாமகள் ஒரு புத்தகத்தை எடுத்துத் திறந்து மணந்து பார்த்தாள்.

மாலையில் குறிஞ்சிக் குமரன் கோயில். மேட்டில் இருக்கிறது, ஏறிப் போக மூச்சு வாங்கும். இந்து மாணவர்கள் பராமரித்து நடத்தும் கோயில். வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கோலம் போட்டதும், பூக்கட்டியதும், சுண்டல் அவித்ததும், பாடியதும் மாணவர்கள்தான். வேட்டி கட்டிக்கொண்டு தட்டோடு நின்ற ஒரு பிள்ளை மருத்துவ பீடத்து மூன்றாம் வருடமாம். வளாகத்திற்குள் பௌத்த விகாரையும், கிறிஸ்தவ ஆலயங்களும், பள்ளிவாசலும் இருக்கின்றன. வெசாக் நாளில் நாங்கள் கூடு கட்ட உதவுவோம். எங்கள் பொங்கலுக்கு அவர்கள் அடுப்படியில் கண் எரிய நிற்பார்கள். யுத்தம் உச்சத்தில் இருந்தபோதும் இது நிற்கவில்லை. இறுக்கமான நாட்கள் இருந்தன. சாப்பாட்டு மேசையில் பேச்சு அடங்கிப்போன நாட்களும் இருந்தன. ஆனால் பொங்கல் பானை ஒரு வருடமும் ஏறாமல் இருந்ததில்லை.

சனி இரவு

தோழியும் வந்தாள். மூவரும் "வள"வுக்குப் போனோம். மலைச்சரிவைப் படியாக வெட்டி, மரங்களுக்குக் கீழே அமைத்த திறந்தவெளி அரங்கு. சிங்களத்தில் வள என்றால் பள்ளம். தமிழ் மாணவர்களும் அப்படித்தான் சொல்வோம். இப்போது பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் பெயரில் இருக்கிறது. அவருடைய "மனமே" 1956 இல் சிங்கள நாடகத்தைத் திருப்பிப் போட்டது. "சிங்கபாகு" 1961 இல் இந்த அரங்கில்தான் முதலில் மேடையேறியது.

தோழி கீழே மேடையில் நின்று "மனமே"யிலிருந்து நாலு வரி பாடினாள். ஒலிவாங்கி இல்லாமல் மேல்படியில் இருந்த எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் பெறாமகளுக்கு அடுத்த பாதியைச் சொன்னேன். சரச்சந்திர கிராமத்து நாடக மரபிலிருந்து புதிய அரங்கைச் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் தமிழ்த்துறையின் சு. வித்தியானந்தன். நம்மிடமும் கூத்து இருக்கிறதே என்று எழும்பினார். மட்டக்களப்பிலிருந்து கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரை அழைப்பித்தார். விடிய விடிய ஆடுகிற கூத்தை ஆட்டம் குறையாமல், பாட்டின் சுவை குறையாமல் மேடைக்கு ஏற்றபடி சுருக்கினார். 1962 இல் "கர்ணன் போர்", 1963 இல் "நொண்டி நாடகம்", 1964 இல் "இராவணேசன்", 1967 இல் "வாலி வதை". ஆடியவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு பிற்காலத்தில் பேராசிரியராகி அந்த வழியை இன்னும் தூரம் கொண்டுபோனார். படித்தவர்கள் கூத்தைத் தாழ்வாகப் பார்த்த காலம் அது. பட்டம் படிக்கிற பிள்ளைகள் சலங்கை கட்டி ஆடியதைப் பார்த்த பிறகு அந்தப் பார்வை மாறத் தொடங்கியது. வித்தியானந்தனுக்கு முன் தமிழ்த்துறையில் இருந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. அவர் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழிலேயே நாடகம் எழுதியவர். விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் இங்கே படித்தவர்கள். 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது முதல் தலைவராகப் போனவர் கைலாசபதி. அது பல்கலைக்கழகமான பிறகு முதல் துணைவேந்தர் வித்தியானந்தன். ஈழத்தின் தமிழ் ஆய்வும் அரங்கும் நடந்து வந்த தடத்தைத் தேடிப் போனால் எப்படியும் இந்தச் சரிவில் வந்து ஏறும்.

இதை ஊரில் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். சிங்களப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தைக் கொண்டாடுகிறாள் என்பார்கள். இது எங்களுடையதும்தான். கேட்டு வாங்கியவர்களில் நாங்கள் இருந்தோம், படிப்பித்தவர்களிலும் படித்தவர்களிலும் இருந்தோம், இன்றும் இருக்கிறோம். பாதியை விட்டுக்கொடுத்துவிட்டு வர எனக்கு மனமில்லை.

ஞாயிறு

மழை. மத்தியானத்திற்குப் பிறகு கொஞ்சம் விட்டது; தாவரவியல் பூங்காவுக்குப் போய் வந்தோம். 147 ஏக்கர், மூன்று பக்கம் மகாவலி. கூட்டம் அதிகம். கண்டிக்குப் போய் மெத்தை விரிப்பு, வாளி, நுளம்பு வலை, மேசை விளக்கு வாங்கினோம். மிச்சமெல்லாம் பொதி கட்டுவதில் போயிற்று.

திங்கள் இரவு, யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில்

காலையில் விடுதியில் விட்டேன். பொறுப்பாளர் அம்மா பெயரைப் பதிந்து திறப்பைக் கொடுத்தார். அறை வாசலுக்கு மேல் என்னை விடவில்லை, அதுதான் முறை. பொதிகளைத் தூக்க இரண்டாம் வருடப் பிள்ளைகள் இருவர் வந்தார்கள், ஒருத்தி கிண்ணியா, மற்றவள் கேகாலை. "அன்ரி, பயப்படாதீங்கோ, குப்பி வகுப்பெல்லாம் நாங்கள் எடுப்பம்" என்று கிண்ணியாப் பிள்ளை சொன்னது. சீனியர்கள் ஜூனியர்களைச் சுற்றி இருத்திப் பாடம் சொல்லிக் கொடுக்கும் அந்தக் குப்பி இன்னும் இருக்கிறது என்று கேட்டபோது எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. என் ஒரு முழுப் பாடம் குப்பியில் படித்துச் சித்தியடைந்தது. சொல்லித் தந்தவர் மாத்தறை அண்ணா ஒருவர். எங்களுக்காக வரைபடக் குறியீடுகளையெல்லாம் தமிழில் எழுதப் பழகியவர்.

ஊரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோருக்கு இரண்டு சொல். கண்டி வரைக்கும் போய், அங்கிருந்து பிலிமத்தலாவை பஸ் ஏறி, கலஹா சந்தியில் இறங்குங்கள். ஓட்டோ பிடிக்காமல் நடந்து உள்ளே போங்கள். பொதி கனமென்றால் முதல் நாள் பொதியில்லாமல் வாருங்கள். காலை எட்டு மணிக்கு முன்னென்றால் ஹந்தானை மூட்டத்தோடு தெரியும். குடை கட்டாயம். போர்வை தடிப்பாக வேண்டும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் மாதம் இரவுக் குளிர் தாங்காது. பிள்ளை பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தால் அவசரப்படுத்தாதீர்கள்.

பஸ் தம்புள்ளையில் சாப்பாட்டுக்கு நின்றபோது தொலைபேசி வந்தது. அறையில் இன்னும் மூன்று பேராம்: மூதூர், மாத்தறை, அட்டன். சனிக்கிழமை எல்லோருமாக ஹந்தானை ஏறப் போகிறார்களாம். "சித்தி, அட்டை கடிக்காமல் இருக்க என்ன பூசிறது?"

சவர்க்காரத்தை நனைத்துக் காலுறைக்கு வெளியே நன்றாகத் தேய், மழை பெய்தால் திரும்பவும் தேய், ஊன்றுதடி ஒன்று வெட்டிக்கொள், மாத்தறைப் பிள்ளைக்கும் கொஞ்சம் சவர்க்காரம் கொடு, கரையோரத்துப் பிள்ளைகளுக்கு அட்டை பழக்கமில்லை என்றேன். "எனக்கும் பழக்கமில்லையே!" என்று கத்தினாள். பின்னால் மூன்று குரல்கள் சிரித்தன.